நாலு விரல் தள்ளி

கானாடுகாத்தானில் பதினோரு பாத்தி.
செம்மண். சித்திரை.
காலையில் ஊற்றிய தண்ணீரைப்
பத்து மணிக்குள் குடித்து முடித்து
டம்ளரைக் கவிழ்த்துவிடும் வெயில்.

மூடாக்குப் போடாமல் நடக்காது என்றேன்.
'வெள்ளைக் கூழாங்கல் போட்டுடுங்க,
படத்துல நல்லா விழும்'
என்றார் தேனப்பன், பினாங்கிலிருந்து.
வீடியோவில் பாதி வாயோடு உறைந்து நின்றார்.

ஒரு பாத்திக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்.
உச்சியில் கல்மேல் கை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
கையை எடுக்க முடியாத நந்தியாவட்டை
அடி இலைகளை அப்பளமாய்ச் சுருட்டிக்கொண்டது.
படத்தில் நன்றாகத்தான் விழுந்தது.

காரைக்குடி மரவாடியில் சீவல் மலிவு.
செங்கல் நிறத்தில் சாயம் ஏற்றியதும் உண்டு.
ஆனால் பாத்தியை ஒட்டிச் சுவர்,
சுவருக்கு அந்தப் பக்கம்
நூறு வருஷத்துப் பர்மாத் தேக்கு.
இந்தப் பக்கம் விருந்து வைத்துவிட்டு
அந்தப் பக்கம் போகாதே என்று
கறையானிடம் யார் சொல்வது?

கடலைத்தோலை மில்லில் சும்மாவே கொடுத்தார்கள்.
தோலுக்குள் தப்பிய பருப்புக்கு எலி வந்தது.
எலிக்குச் சாரை வந்தது.
சமையல்கட்டு வள்ளிக்கண்ணு
ஒரு வாரம் கறிவேப்பிலை இல்லாமல் தாளித்தாள்.

தென்னைநார்த் தூளைப் பற்றி
ஒரு குறையும் சொல்லமாட்டேன்,
அந்தக் கோடைமழை வரைக்கும்.
நாற்பது நிமிஷம் பெய்தது.
ஓட்டுச்சரிவில் இறங்கிய தண்ணீர்
தூளை அப்படியே மிதக்கத் தூக்கி
ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் விட்டுப் போனது.
பூவேலைக்கு மேல் தேயிலைக் கறை.
மண்டியிட்டுத் தேய்த்தேன்.
மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை;
குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் விடிகாலை
கணக்கை முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவள்
பின்கட்டில் புகையைப் பார்த்தேன்.

அழகுராக்கு எரித்துக்கொண்டிருந்தாள்.
புங்கை, மகிழம், வேம்பு,
இரவெல்லாம் மரங்கள் உதிர்த்தது
எட்டுக் கூடை.
தினமும் எட்டுக் கூடை!
நான் குட்டியானை வைத்து
ஊர் ஊராய்ப் போய் விலை கேட்ட சரக்கு
என் முதுகுக்குப் பின்னால்
தினமும் ஆறு மணிக்குச் சாம்பலாகியிருக்கிறது.

'எரிக்காதம்மா, பாத்தியில பரப்பிடு' என்றேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.
'எரிச்சா அரை மணி நேரம்.
பரப்புனா ரெண்டு மணி நேரம்.
ஒண்ணரை மணி நேரத்த
யாரு குடுப்பா, நீங்களா?'

அதுவரை நான் போட்ட எந்தக் கணக்கிலும்
இந்த ஒன்றரை மணி நேரம் இல்லை.

கூழாங்கல் என்று எழுதியிருந்த வரியை அடித்தேன்.
அதே தொகையை மாதங்களாய் வகுத்து
'இலை பரப்பும் கூலி, அழகுராக்கு' என்று எழுதி
பினாங்குக்கு அனுப்பினேன்.
'நம்ம மரத்து இலைக்கு நாமே காசு குடுக்கிறதா?'
'இலைக்கு இல்ல சார்' என்று பதில் போட்டேன்.
நீல டிக் விழுந்தது.
மூன்று நாள் கழித்துப் பணமும் விழுந்தது.

மூன்று விரல் கனம்.
தண்டை மட்டும் தொடக்கூடாது,
நாலு விரல் தள்ளி நிற்கவேண்டும்.
ஒட்டிப் போர்த்தினால் பட்டை வேர்த்து அழுகும்.
இதைச் சொல்லும்போது
மகளின் விடுதிக்கு நாளுக்கு ஆறு முறை
போன் செய்கிற என் விரல்கள்
நினைவுக்கு வந்தன. வராமல் இருந்திருக்கலாம்.

இன்று ஆனி பத்து.
மத்தியானம் இலையை விலக்கி
மண்ணுக்குள் விரல் விட்டேன்.
இரண்டாம் கணுவரை குளிர்ச்சி.
ஏதோ ஒன்று நெளிந்து விலகியது.
விரலைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

மேனேஜருக்கு இன்னும் அது குப்பைதான்.
விருந்தாளி வருகிற வாசல் பாத்திக்கு மட்டும்
கூழாங்கல் இருக்கட்டும் என்றார்.
இருக்கிறது. நந்தியாவட்டை இல்லை.

சாயங்காலம் மயில்கள் சுவர் தாண்டி வருகின்றன.
புழு தேடிக் கிளறி
இலையெல்லாம் நடைபாதையில் இறைத்துவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் கழுத்தைத் திருப்புகின்றன.
வீட்டுக்குக் கிளம்பிய அழகுராக்கு
தூக்குவாளியோடு நின்று
காலாலேயே பாத்திக்குள் தள்ளிவிடுகிறாள்,
தண்டு படாமல்.

இதற்கு பில்லில் வரி இல்லை.